எரிமலைக்குள் ஒரு வாடகை வீடு

1

தொண்ணூற்று ஆறாம் ஆண்டு இலையுதிர் காலத்தில் என் மகள் கௌரி ஜப்பானிலிருந்து ஒரு கடிதம் எழுதினாள். அவளாக நினைத்துக் கடிதம் எழுதுவது அபூர்வம். ஆங்கிலத்தில் எழுதியிருந்ததைத் தமிழில் தருகிறேன்: “அப்பா, நான் இப்போது ஒரு எரிமலைக்குள் குடியிருக்கிறேன். வீடு சின்னது. வாடகை பரவாயில்லை.”

நான் ஊரில் பதினான்கு வருடம் புவியியல் படிப்பித்தவன். மேசையில் கிடந்த சிவப்புப் பேனாவை எடுத்தேன். ‘எரிமலைக்குள்’ என்பதை வெட்டி, மேலே ‘எரிமலை அடிவாரத்தில்’ என்று எழுதினேன். அதோடு விடவில்லை. திருத்திய கடிதத்தைப் புது உறையில் போட்டு, முத்திரை ஒட்டி, அவளுக்கே திருப்பி அனுப்பினேன். உலகத்தில் வேறு எந்தத் தகப்பனும் இப்படிச் செய்திருக்க மாட்டான் என்று மனைவி பவளம் சொன்னாள். அவளுக்கு என் பழைய சக ஆசிரியர்களை அவ்வளவாகத் தெரியாது.

“அவள் எரிமலைக்கு உள்ளை இருந்தால் என்ன, வெளியிலை இருந்தால் என்ன? நேரத்துக்குச் சாப்பிடுறாளோ எண்டு கேட்டனீங்களோ?” என்றாள். நான் கேட்கவில்லை.

எண்பத்து நான்கில் நாங்கள் லண்டனுக்கு வந்தபோது கௌரிக்குப் பத்து வயது. ஹவுன்ஸ்லோவில் குடியேறினோம். எனக்கு விமான நிலையக் கார் நிறுத்துமிடம் ஒன்றில் வேலை கிடைத்தது. கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்து சீட்டு வாங்கி, காசு வாங்கி, வழி மறிக்கும் தடியை உயர்த்த வேண்டும். காலை ஆறு மணி ஷிப்ட். தலைக்கு மேலே இரண்டு நிமிடத்துக்கு ஒரு விமானம் இறங்கும். உலக வரைபடம் முழுவதையும் நினைவில் வைத்திருக்கிற ஒருவனுக்கு அது பொருத்தமான இடம்தான்.

கௌரி பல்கலைக்கழகம் முடித்ததும் கணக்காளர் படிப்புக்குப் போவாள் என்று எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தோம். அவளோ ஜப்பான் அரசாங்கம் பள்ளிக்கூடங்களில் ஆங்கிலம் படிப்பிக்க ஆள் எடுக்கிறது என்று விண்ணப்பம் போட்டு, கிடைத்த பிறகுதான் எங்களுக்குச் சொன்னாள். விம்பிள்டன் கோயிலில் யாராவது “மகள் என்ன செய்யிறா?” என்று கேட்டால், “படிப்பிக்கிறா” என்பேன். “எங்கை?” என்பார்கள். “கியூஷுவிலை” என்பேன். அதற்குப் பிறகு அவர்கள் மழையைப் பற்றிக் கதைக்கத் தொடங்குவார்கள்.

ஒரு மாதம் கழித்து மறுகடிதம் வந்தது. ஒரே வரி: “வந்து பாருங்கோ.” அதை மட்டும் தமிழில் எழுதியிருந்தாள். எழுத்துப் பிழை இல்லை. திருத்த ஒன்றும் இருக்கவில்லை.

2

கியூஷு எனக்குத் தெரியாத இடமல்ல. ஜப்பானின் நான்கு பெருந்தீவுகளில் தெற்கே கடைசி. கரும்பலகையில் கையை எடுக்காமல் ஒரே கோட்டில் கீறிக் காட்டுவேன். வடக்கே நிலக்கரியும் உருக்கும். மேற்கே நாகசாக்கி, கப்பல் கட்டும் தளம். நடுவே அசோ எரிமலை. கிழக்கே பெப்பு, வெந்நீர் ஊற்றுகள். தெற்கே புகை கக்கும் சகுராஜிமா. எல்லாம் ஒரு பழைய ஆங்கிலப் புத்தகத்திலிருந்து என் ஆசிரியர் எங்களுக்குச் சொல்ல, நாங்கள் கொப்பியில் எழுதியது. அதே கொப்பியை வைத்துக்கொண்டு நான் சொல்ல, என் மாணவர்கள் எழுதினார்கள். எங்கள் பள்ளிக்கூடத்தில் புவியியல் இப்படித்தான் நடந்தது. கடலைக்கூடக் கொப்பியில் பார்த்துத்தான் படிப்பித்தோம், கடல் பள்ளிக்கூடத்திலிருந்து அரை மைல்.

எழுபத்து மூன்றில், பத்தாம் வகுப்புத் தவணைப் பரீட்சையில், அசோ பிரதேசத்து மக்களின் தொழில்களை விவரிக்கச் சொல்லி ஒரு கேள்வி கொடுத்தேன். சிவநேசன் என்ற பெடியன் இப்படி எழுதியிருந்தான்: ‘எரிமலையின் வாய்க்குள்ளேயே மக்கள் வீடு கட்டியிருக்கிறார்கள். அங்கே நெல் விதைக்கிறார்கள். அதற்குள் ரயிலும் ஓடுகிறது.’

அவனை எழுப்பி நிற்க வைத்தேன். விடையை முழு வகுப்புக்கும் வாசித்தேன். “அடுப்புக்குள்ளை இருந்துகொண்டு சோறு சமைக்கிற ஆளைப் பாருங்கோ” என்றேன். நாற்பது பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கேள்விக்கு முட்டை போட்டேன். அவன் வாய் திறக்காமல் நின்றான். நானும் ஒன்றும் கேட்கவில்லை.

அன்றைக்கு மத்தியானமே அவனுக்குப் பட்டப்பெயர் விழுந்துவிட்டது: எரிமலை.

யாழ்ப்பாணத்தில் பட்டப்பெயர் ஒருவனைப் பிடித்தால் பிறகு விடாது என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் அது கடல் கடந்தும் வரும் என்பதை நான் இங்கே வந்துதான் கண்டேன். சிவநேசன் எங்களுக்கு ஒரு வருடம் முன்பே லண்டனுக்கு வந்தவர். சவுத்தாலில் ஒரு பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். பலகையில் அம்மன் பெயர் இருக்கிறது, யாரும் அதை வாசிப்பதில்லை. “எரிமலையின்ர கடை” என்றால்தான் தெரியும். அவருடைய பிள்ளைகளின் சிநேகிதர்கள் அவரை ‘எரிமலை மாமா’ என்கிறார்கள். கௌரியும் சின்ன வயதில் அப்படித்தான் கூப்பிட்டாள். புதிதாக வருகிறவர்கள் மிளகாய்த்தூள் உறைப்பு என்பதால் வந்த பெயர் என்று நினைக்கிறார்கள். அவர் மறுப்பதில்லை. கோபித்து ஒரு சொல் பேசத் தெரியாத மனிதர்.

நான் போனால் எழுந்து நிற்பார். “மாஸ்டர், இஞ்சை வாங்கோ” என்று வரிசையை விலக்கி முன்னே கூப்பிடுவார். கோயிலில் கூட்டமாக நின்று கதைக்கும்போது, அந்தப் பெயர் எப்படி வந்தது என்று நான் எத்தனையோ தரம் நடித்துக் காட்டியிருக்கிறேன். நல்லாகச் சிரிப்பார்கள்.

3

பவளத்துக்குப் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. அவளுக்கு லீவு இல்லை, எனக்கு இருந்தது. தொண்ணூற்று ஏழு மே மாதம் போவதென்று முடிவாயிற்று.

இத்தனை வருடம் ஆகியும் நான் பிரிட்டிஷ் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கவில்லை. அடுத்த வருடம் ஊருக்குப் போய்விடலாம் என்ற நினைப்பு ஒவ்வொரு வருடமும் இருந்தது. ஆகவே என்னிடம் கடவுச்சீட்டு கிடையாது, தஞ்சம் கேட்டு வந்தவர்களுக்கு இங்கே தருகிற, மண்ணிற அட்டை போட்ட பயணப் பத்திரம்தான். அதைக் கண்டால் எந்த நாட்டு அதிகாரியும் ஒருமுறை உள்ளே போய் வேறொருவரிடம் கேட்டுவிட்டுத்தான் வருவார்.

விசாப் படிவத்தில் ‘பார்க்கப் போகும் இடங்கள்’ என்று இரண்டு வரி விட்டிருந்தார்கள். எனக்கு இரண்டு வரி எந்த மூலைக்கு? ஒரு தனித்தாளில் கியூஷுவின் படத்தைக் கீறி, துறைமுகங்கள், ரயில்பாதைகள், சுரங்கங்கள் எல்லாம் குறித்து, தலையங்கமும் போட்டு இணைத்தேன். தூதரகக் கவுண்டரில் இருந்த ஜப்பானியப் பெண் அதைப் பார்த்தார். பிறகு உள்ளேயிருந்து வயதான ஒருவரைக் கூட்டி வந்தார். இருவரும் குனிந்து பார்த்தார்கள்.

“மிக நல்ல படம்” என்றார் அந்த வயதானவர் ஆங்கிலத்தில். “என் ஊர் இங்கே இருக்கிறது. ஆனால் நீங்கள் குறித்திருக்கும் நிலக்கரிச் சுரங்கங்கள் மூடி வெகுகாலமாகிறது, ஐயா.”

விசா தந்தார்கள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு அந்தச் சுரங்கங்கள் பற்றிய யோசனைதான். எண்பத்து மூன்று வரைக்கும் வகுப்பில் நான் அவற்றில் ஆட்களை இறக்கி நிலக்கரி வெட்டிக்கொண்டிருந்தேன்.

4

கௌரி ஃபுகுவோகா விமான நிலையத்தில் காத்து நின்றாள். மெலிந்திருந்தாள். முதலில் தெற்கே கூட்டிப் போனாள், ககோஷிமாவுக்கு. கடலுக்கு நடுவே சகுராஜிமா என் படத்தில் இருந்த அதே இடத்தில் நின்று புகைந்துகொண்டிருந்தது. அதைக் கண்டதும் ஒரு பழைய சிநேகிதனைக் கண்ட மாதிரிச் சந்தோஷமாக இருந்தது. கொப்பியில் இல்லாதது சாம்பல். வெயில் நாளில் ஆட்கள் குடை பிடித்துப் போகிறார்கள், சாம்பலுக்காக. வீட்டு வாசலில் விழுந்ததைக் கூட்டி, மஞ்சள் பைகளில் கட்டி, தெருவோரம் வைத்துவிட்டால் நகரசபை எடுத்துப் போகிறது. எங்கள் ஹவுன்ஸ்லோவில் குப்பை நாளில் பை வைக்கிற மாதிரித்தான். யாரும் எரிமலையை அண்ணாந்து பார்ப்பதுகூட இல்லை.

பிறகு வடக்கே குமமோட்டோ. நகரத்துக்கு நடுவே கறுப்புச் சுவர்களோடு பெரிய கோட்டை, அதைச் சுற்றி ட்ராம் வண்டிகள். கோட்டைக் கற்சுவர் கீழே சாய்ந்து, மேலே போகப் போகச் செங்குத்தாகிறது, ஏறுகிறவன் பாதியில் விழுவதற்காக. ட்ராமில் கௌரி பக்கத்திலிருந்த கிழவியோடு ஜப்பானிய மொழியில் கதைத்தாள். இருவரும் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். என் மகள் இப்போது மூன்று மொழி பேசுகிறாள், எங்கள் மொழியில்தான் சொல் தேடுகிறாள். அது எனக்குக் கவலையாக இருந்தது. அவளிடம் சொல்லவில்லை.

அங்கிருந்து அசோவுக்குச் சின்ன ரயில். ஓரிடத்தில் சரிவு அதிகம் என்பதால் வண்டி முன்னுக்குப் போய், நின்று, பின்னுக்கு ஏறி, மறுபடி முன்னுக்குப் போகிறது. நாங்கள் இறங்கும்போது ஒரே மழைப்புகார், மூடுபனி மாதிரி. வீடுகள், பள்ளிக்கூடம், தபால் நிலையம் தெரிந்தன. மலை ஒன்றும் தெரியவில்லை.

“இது ஒரு பள்ளத்தாக்கு” என்றேன்.

“ஓகே அப்பா” என்றாள் கௌரி.

பின்னேரம் ஊர்ப் பொதுக்குளிப்பிடத்துக்கு அனுப்பினாள். நிலத்துக்கு அடியிலிருந்து வருகிற வெந்நீர். கிணற்றடிக்குப் போகிற மாதிரி நான் சாரத்தைக் கட்டிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கினேன். அங்கே இருந்த ஐந்தாறு ஆண்களும் பிறந்தமேனியாக இருந்தார்கள். ஒரு பெரியவர் என்னிடம் வந்து, தலை குனிந்து வணங்கி, சாரத்தைக் காட்டி, தண்ணீரைக் காட்டி, கையை ஆட்டினார். துணி தண்ணீரில் படக்கூடாதாம். நான் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்தேன். யாழ்ப்பாணத்தார் எவரும் இல்லை என்று நிச்சயமான பிறகு கழற்றினேன். அப்படியொரு குளிப்பு வாழ்க்கையில் குளித்ததில்லை.

5

அடுத்த நாள் புகார் கலைந்தது. தொங்குவண்டியில் நாகதாக்கே என்ற சிகரத்துக்கு ஏறினோம். உச்சியில் ஒரு பெரிய குழி. அடியில் பச்சை நிறத்தில் தண்ணீர் கொதிக்கிறது. கந்தகப் புகை தொண்டையை அறுக்கிறது. கல் பறந்தால் ஓடி ஒளிவதற்குச் சீமெந்தால் கட்டிய குடில்கள் வரிசையாக நிற்கின்றன.

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. “பார் பிள்ளை! இதுதான் எரிமலை வாய். இதுக்குள்ளை ஆர் குடியிருக்கிறது? உன்ர வீடு கீழை, அடிவாரத்திலை. நான் திருத்தினது சரிதானே?”

 மத்தியானத்துக்குப் பிறகு அவள் சக ஆசிரியை ஒருத்தியின் காரை இரவல் வாங்கி, ஊருக்கு வடக்கே ஒரு மலைவிளிம்புக்குக் கூட்டிப் போனாள். மேலே வெறும் புல்வெளி, மேய்கிற செம்மாடுகள். விளிம்பில் நின்று பார்க்கச் சொன்னாள்.

கீழே ஒரு பெரிய வட்டச் சமவெளி. நாங்கள் நின்ற மலை இரண்டு பக்கமும் வளைந்து போய், அந்தச் சமவெளி முழுவதையும் சுற்றிக்கொண்டு தூரத்தில் ஒன்றாகச் சேர்கிறது. நடுவில் காலையில் நாங்கள் ஏறிய சிகரம், அதன் பக்கத்தில் இன்னும் நாலு. முழுவதும் ஒரே எரிமலையின் பழைய வாய், என்றோ வெடித்து உள்ளே இடிந்து விழுந்தது. வடக்குத் தெற்காக இருபத்தைந்து கிலோமீற்றர், கிழக்கு மேற்காகப் பதினெட்டு. காலையில் கண்டது வாய்க்குள் முளைத்த ஒரு சின்னப் பல். சமவெளியெங்கும் வயல். நாற்று நட்டுத் தண்ணீர் கட்டியிருந்தார்கள். வயல்களுக்கு நடுவே ஊர்கள். இரண்டு பெட்டி ரயில் ஒன்று போய்க்கொண்டிருந்தது.

வீடு, நெல், ரயில். அவன் எழுதிய அதே ஒழுங்கு.

“நௌ டெல் மி, அப்பா. உள்ளையோ, வெளியிலையோ?”

“உள்ளை” என்றேன். கால் வலித்தது, புல்லில் இருந்தேன். பிறகு சிவநேசனின் கதையைச் சொன்னேன். நடித்துக் காட்டாமல் சொன்னது அதுதான் முதல் தரம்.

அவள் சிரிக்கவில்லை. “எரிமலை மாமாவுக்கு அந்தப் பேர் உங்களாலையோ வந்தது?”

“ஓம்.”

“பட் ஹி வாஸ் ரைட்.”

“ஓம்.”

“அப்ப சொல்லுங்கோ அவருக்கு.”

“லண்டனுக்குப் போய், போன் எடுத்துச் சொல்லுறன்.”

“நோ, அப்பா. எல்லாருக்கும் முன்னாலைதானே சிரிச்சனீங்கள்? எல்லாருக்கும் முன்னாலை சொல்லுங்கோ.”

அன்று அவளுடைய தமிழில் சொல் ஒன்றும் தடுமாறவில்லை.

6

சொல்லுவது லேசு என்று நினைப்பீர்கள். எனக்கு லேசாக இருக்கவில்லை. கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கும்போது என்னைவிட முப்பது வயது குறைந்தவன் காருக்குள் இருந்து கத்துவான். சனிக்கிழமை சவுத்தாலில் இறங்கினால் அதே நான் மாஸ்டர். வழி விடுவார்கள். இந்த நாட்டில் எனக்கு மிஞ்சியது அந்த ஒரு சொல்தான். புவியியலிலேயே பிழை விட்டேன் என்று கடை நிறைந்த சனத்துக்கு முன்னால் சொன்னால், பிறகு எதை வைத்துக்கொண்டு நான் மாஸ்டர்?

திரும்பி வந்த முதல் சனிக்கிழமை கடைக்குப் போனேன். வெங்காயமும் கறிவேப்பிலையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இரண்டாவது சனிக்கிழமையும் போனேன், வெங்காயம் வீட்டில் முடியாமலே. பவளம் பையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். கௌரி அவளுக்குப் போனில் எல்லாம் சொல்லியிருந்தாள்.

மூன்றாவது சனிக்கிழமை மத்தியானம், பவளமும் கூட வந்தாள். கடையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள்.

“வாங்கோ மாஸ்டர், வாங்கோ அன்ரி. நல்ல முருங்கைக்காய் வந்திருக்கு” என்று எழுந்தார் அவர்.

“சிவநேசன்” என்றேன். அந்தக் கடையில் அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை. அவர் நிமிர்ந்து பார்த்தார். கௌரி அந்த மலைவிளிம்பில் நின்று எடுத்துத் தந்த போட்டோவைத் தராசுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

“உதென்ன, எங்கட பக்க வயலோ?”

“இல்லை. அசோ. எரிமலைக்குள்ளை.” பிறகு வகுப்பறைக் குரல் தானாக வந்தது. “எல்லாரும் ஒருக்காக் கேளுங்கோ. இவருக்கு ஏன் அந்தப் பேர் வந்தது எண்டு கன பேருக்கு நான் சொல்லிச் சிரிச்சிருக்கிறன். எரிமலைக்குள்ளை சனம் இருக்குது, நெல் விளையுது, ரயில் ஓடுது எண்டு இவர் எழுதினவர். நான் முட்டை போட்டனான். போன மாதம் போய் என்ர கண்ணாலை பாத்திட்டு வாறன். அவர் எழுதினது சரி. பிழை விட்டது நான்.”

ஒருவர் பகிடி என்று நினைத்துச் சிரித்தார், பிறகு நிறுத்திக்கொண்டார். “அது எந்தக் காலத்துக் கதை மாஸ்டர், விடுங்கோ” என்றாள் முருங்கைக்காயோடு நின்ற ஒரு அம்மா. சிவநேசன் எவரையும் பார்க்கவில்லை. போட்டோவைக் கையில் எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்தி, கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

“ரயிலும் தெரியுது” என்றார்.

“உமக்கு இது எப்பிடித் தெரிஞ்சது?”

“அண்டைக்கு நீங்கள் அதைக் கேக்கேல்லை, மாஸ்டர்.” குரலில் கோபம் இல்லை. “அப்பா சொன்னவர். கப்பலிலை வேலை செய்தவரெல்லே? நாகசாக்கியிலை கப்பலைத் திருத்த விட்ட நேரம், லீவிலை அங்கை போய்ப் பாத்தவர். எனக்குச் சின்னனிலை ஒவ்வொரு நாளும் அந்தக் கதை சொல்லோணும்.”

“பிறகு?”

“பிறகென்ன? நீங்கள் முட்டை போட்ட அண்டைக்கு வீட்டை போய், ஏன் எனக்குப் பொய் சொன்னனீங்கள் எண்டு கேட்டன். அவர் சத்தியம் பண்ணினார். மாஸ்டருக்குத் தெரியாததோ உங்களுக்குத் தெரியும் எண்டு கத்திப்போட்டன். அதோடை அவர் கப்பல் கதை சொல்லுறதை விட்டிட்டார். நானும் கேக்கேல்லை.”

நான் ஒரு பட்டப்பெயருக்கு மன்னிப்புக் கேட்க வந்தவன். இது எனக்குத் தெரியாது.  அந்த நாற்பது பேரின் சிரிப்புக்கு நான் பதில் சொல்லலாம். ஒரு வீட்டுக்குள் இருபத்து நாலு வருடம் பேசாமல் விட்ட கதைக்கு என்ன சொல்வது?

“அப்பா இப்ப...” என்று இழுத்தேன்.

“இருக்கிறார். திருச்சியிலை, தங்கச்சியோடை. காது கொஞ்சம் மந்தம்.” அவர் மேசைக்குக் கீழிருந்து தொலைபேசியை எடுத்து வைத்து இலக்கங்களை அழுத்தினார். தங்கையோடு இரண்டு வார்த்தை கதைத்தார். பிறகு என்னிடம் நீட்டினார். “நான் சொன்னால் இனி நம்பமாட்டார், மாஸ்டர். நீங்கள் சொல்லுங்கோ.”

“ஐயா!” என்றேன். “ஜப்பானிலை, எரிமலைக்குள்ளை சனம் இருக்குது எண்டு சொன்னனீங்களாம்! அது சரி!”

“என்ன?” என்று அந்தப் பக்கத்தில் கத்தியது கடை முழுவதும் கேட்டது.

“எரிமலைக்குள்ளை சனம் இருக்குது!” என்று நானும் கத்தினேன். “வயல் இருக்குது! நீங்கள் சொன்னது சரி!”

“சரிதானே! நான் போய்ப் பாத்தனான்! ஆர் கதைக்கிறது?”

கடையில் எல்லோரும் என்னைப் பார்த்தபடி நின்றார்கள். பவளமும் பார்த்தாள்.

“உங்கட மகனுக்குப் பிழையாப் படிப்பிச்ச ஆள், ஐயா” என்றேன்.

 தொலைபேசியைத் திருப்பி நீட்டினேன். சிவநேசன் வாங்கிக்கொண்டார்.

“அப்பா, நான்தான். நேசன். இல்லை, ஒரு பிரச்சினையும் இல்லை. நாகசாக்கியிலை கப்பல் நிண்டதெல்லே, அங்கையிருந்து எரிமலைக்கு எப்பிடிப் போனனீங்கள்? ஓம், இப்பத்தான். ஆறுதலாச் சொல்லுங்கோ, நான் கேக்கிறன்.”

முருங்கைக்காயோடு நின்ற அம்மா கூடையைக் கீழே வைத்தாள். சிவநேசன் அரிசி மூட்டையில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, “பிறகு?” என்று கேட்டார்.